அம்மிணி தேதி

பெண் பார்க்கும் நாளில் சொல்லப்படும் பொய்களுக்குக் கட்டாயம் தண்டனை உண்டு. என்ன, உடனே கிடைக்காது. கல்யாணம் முடிந்து, பட்டுச்சேலை பீரோவுக்குள் போய், புகுந்த வீட்டில் நாம் கொஞ்சம் சௌகரியமாக உட்கார்ந்த பிறகுதான் தேடி வரும். எனக்கு மூன்று மாதம் கழித்து வந்தது. பொய்யைச் சொன்னதுகூட நானில்லை, என் பெரியம்மா. "பொண்ணு கம்ப்யூட்டர்ல எல்லாமே பண்ணுவாளுங்க" என்று அவர் மாப்பிள்ளை வீட்டாரிடம் அளந்தபோது, நான் குனிந்த தலை நிமிராமல் காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். (மறுத்துப் பேசினால் வாயாடி என்று நினைத்துவிடுவார்களே!) படித்தது பி.காம். பொள்ளாச்சியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனது உண்மை. அதில் வெப்சைட் பாடம் இரண்டே நாள். இரண்டாம் நாள் கரண்ட் இல்லை.

மாமனாருக்கு, பொள்ளாச்சியிலிருந்து மலையாள எல்லையைத் தாண்டியதும் வரும் கொழிஞ்சாம்பாறையில் பந்தல் கடை. பந்தல், நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். மாமா (எங்கள் பக்கம் மாமனாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) இருபத்தைந்து வருஷமாக ஒரு தினசரி காலண்டரையும் ஒரு சிவப்புப் பென்சிலையும் வைத்துக்கொண்டு தொழில் நடத்தியவர். விசேஷம் என்றைக்கோ, அந்தத் தாளில் ஒரு வட்டம். முந்தின நாள் மாலை பந்தல் போடுவார்கள், மறுநாள் காலையில் பிரிப்பார்கள். ஒரு தடவைகூடத் தப்பு நடந்ததில்லை. அந்த நல்ல பெயர்தான் கடைக்கு மூலதனம்.

ஆவணி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது, சித்தூர்ப் பக்கம் யாரோ பந்தலுக்கு வெப்சைட் போட்டுவிட்டார்கள் என்று மாமாவுக்குச் சேதி வந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், ரசத்துக்கு உப்புக் கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்: "அம்மிணி, நமக்கும் ஒண்ணு போட்டுரு."

"சரிங்க மாமா" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வேறு யாருமில்லை.

திங்கட்கிழமை காலை, கணவர் பொள்ளாச்சி பஸ் ஏறியதும், அவருடைய பழைய லாப்டாப்பைத் திறந்து இணையத்தில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். பாடம் நடத்தும் எல்லாப் பையன்களும் "இது ரொம்ப ஈஸி" என்றுதான் தொடங்குகிறார்கள். அடுத்த நிமிடமே ஈஸி அவர்களுக்கு, நமக்கில்லை என்பது தெரிந்துவிடும். 'பதிவு செய்க' என்ற பொத்தானைப் பக்கத்தின் நடுவில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அது இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நடுவுக்கு இழுத்தால் அது வராமல் பந்தல் படம் வந்தது. படத்தைத் துரத்தினால் கடையின் பெயரே காணாமல் போனது. மூன்று நாள் இப்படி மல்லுக்கட்டினேன். வியாழக்கிழமை காலை பொத்தான் தானாகவே நடுவில் உட்கார்ந்திருந்தது. ஏன் என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பக்கத்தை அதற்குப் பிறகு நான் தொடவே இல்லை.

அடுத்து, போனில் திறந்து பார்த்தபோது நாற்காலிகள் எல்லாம் பனைமர உயரத்துக்கு நீண்டிருந்தன. "இதுல ஏணி போட்டுத்தான் உக்காரோணுமா?" என்று அத்தை அக்கறையாக விசாரித்தார். நாற்காலியைக் குட்டையாக்குவதில் வெள்ளிக்கிழமை தீர்ந்தது.

மிச்சமிருந்தது தேதி. வாடிக்கையாளர் தேதியைத் தேர்ந்தெடுத்தால் அது நம் பட்டியலுக்கு வந்து சேர வேண்டும். எந்த நாட்டுப் புண்ணியவானோ எழுதி இணையத்தில் வைத்திருந்ததை அப்படியே எடுத்து ஒட்டினேன். பதினைந்தை அழுத்தினேன், பட்டியலில் பதினான்கு என்று வந்தது. என் கட்டைவிரல் தடிமன், பக்கத்துக் கட்டத்தில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். இருபதை அழுத்தினேன், பத்தொன்பது வந்தது. கட்டைவிரலைக் கடிந்துகொண்டேன். அதற்குள் மாமா எட்டிப் பார்க்கவே, எல்லாம் முடிந்ததுபோல மூடிவிட்டேன்.

சனிக்கிழமை திறப்புவிழா. லாப்டாப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாமா சூடம் காட்டினார். (கொஞ்சம் குங்குமம் உள்ளே விழுந்து, ஒரு எழுத்துக் கட்டை இன்றும் அழுத்தினால் எழுந்திருப்பதில்லை.) தினசரி காலண்டருக்கு ஓய்வு என்றும், இனிமேல் மருமகள் அச்சடித்துத் தரும் தாள்தான் சட்டம் என்றும் கடையில் அறிவித்தார். பந்தல்காரர்களுக்குத் தலைவர் ரங்கசாமி அண்ணன். தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சொன்னதை மட்டும் செய்வார், ஏன் என்று கேட்க மாட்டார். இருபது வருஷமாக அதுதான் அவருடைய பெருமை.

முதல் பதிவு நல்லேப்பிள்ளியிலிருந்து வந்தது. நிச்சயதார்த்தம். பெண்ணும் மாப்பிள்ளையும் கோயம்புத்தூரில் ஒரே ஆபீஸ். மாப்பிள்ளைக்கு மலைமேல் சாந்தன்பாறைப் பக்கம் ஊர். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்கவே இரண்டு வருஷம் ஆனதாம். தாளில் சனிக்கிழமை என்றிருந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பழக்க தோஷத்தில் சுவர்க் காலண்டரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அம்மிணி, சனிக்கிழமை நவமி. நவமில ஆரு நிச்சயம் பண்றாங்க?"

"இப்பெல்லாம் அதையெல்லாம் ஆருங்க மாமா பாக்கறாங்க" என்றேன் நான். புதிய தலைமுறையின் சார்பாகப் பேசினேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் ஊசி நூலெடுத்துத் தைத்துவிடலாம்போல இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே பந்தல் எழும்பிவிட்டது. பெண்ணின் அப்பா ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் கேட்டிருந்தார். ஆன்லைன் என்றால் வேகம் என்று அவர் பூரித்துப்போய், சனிக்கிழமை முழுவதும் முற்றத்து நெல் பந்தல் நிழலில் காயாமல் கிடந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டார். அன்று இரவு மாமாவைக் கூப்பிட்டுப் பாராட்டி, மறுநாள் காலை விசேஷத்துக்கு மருமகளையும் அழைத்துக்கொண்டு வரச் சொன்னார். முடிந்த விசேஷத்துக்கு மறுநாள் விருந்துபோல என்று மாமா எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் போனில் ஐந்து நிமிடம் பேசினார்கள், தேதி மட்டும் பேச்சில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். என்னை எல்லோருக்கும் காட்டி, "வெப்சைட்டே இவதானுங்க" என்றார் மாமா. அத்தனை பேர் கூடியிருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தவர், பெரிய குடும்பம்போல என்று சொல்லிக்கொண்டு இலை முன் உட்கார்ந்தார். நானும் ஒரு ஜாங்கிரியை வாயில் போட்டேன். அந்த நேரம் பின்வரிசையில் நாற்காலி மடக்கும் சத்தம் கேட்டது.

ரங்கசாமி அண்ணன் நல்ல மனுஷர். சாப்பிட்டு எழுந்தவர்களின் நாற்காலியைத்தான் எடுத்தார். எழாதவர்களின் பக்கத்தில் பணிவாகக் காத்து நின்றார். ஒரு பெரியவர் கைகழுவிவிட்டுத் திரும்பி வந்து, இல்லாத நாற்காலியில் உட்காரப் போய், நல்லவேளை யாரோ பிடித்தார்கள். அப்புறம் மேல்துணி சுருள ஆரம்பித்தது. தட்டு மாற்ற எழுந்து நின்றிருந்த இரண்டு சம்பந்திகளின் தலைமேலும் சுள்ளென்று வெயில் அடித்தது.

"ரங்கா, என்ன பண்றே?" என்றார் மாமா, இலையை விட்டு எழுந்து.

"பிரிக்கறமுங்க. ஞாயித்துக்கிழமை காலைல பிரிச்சு வேலந்தாவளம் கொண்டுபோகோணும்னு தாள்ல இருக்குதுங்க."

"விசேசம் நடந்துட்டிருக்குது."

"அது நேத்தே முடிஞ்சிருக்கோணுமுங்க" என்றார் ரங்கசாமி அண்ணன். விசேஷம்தான் தாமதம், தான் சரியான நேரத்துக்கு வந்தாயிற்று என்பது அவர் கட்சி.

பெண்ணின் அப்பா போனை நீட்டினார். அதில் ஞாயிறு. ரங்கசாமி அண்ணன் தாளை நீட்டினார். அதில் சனி. மாமா இரண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வாயில் ஜாங்கிரி இருந்ததால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. (இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.) அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நவமி."

கணினிக்குள் கடிகாரம் சீமை நேரத்தில் ஓடுகிறது என்றும், அது நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் என்றும், நமக்கு ஒரு தேதி பிறக்கும்போது அதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது தெரிந்ததெல்லாம், இரண்டு வருஷம் போராடிச் சேர்ந்த ஒரு ஜோடியின் நிச்சயம் என் கட்டைவிரலால் நின்றுபோகப் போகிறது என்பதுதான். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மணப்பெண் அழுவதற்குத் தயாராக இருந்தாள்.

மறுபடி கட்ட நேரமில்லை, நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மாமா சுருட்டிய துணியை விரிக்கச் சொல்லி, ஒரு மூலையைத் தானே தூக்கிப் பிடித்தார். மற்ற மூலைகளுக்கு ரங்கசாமி அண்ணனும் இரண்டு ஆட்களும். அந்தத் துணிக்கடியில் சம்பந்திகளை நிறுத்தினார்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன், எஸ்டேட் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், நாலு மூலையையும் நிதானமாக அண்ணாந்து பார்த்தார். "இது இந்தப் பக்கத்து முறையாக்கும்?" என்று கேட்டார்.

மாமா கண் இமைக்கவில்லை. "ஆமாங்க. தட்டு மாத்தறப்ப பந்தலைப் பிரிச்சு, பெரியவங்க கையில புடிச்சு நிக்கோணும். அதுதானுங்க மரியாதை."

"நல்லாருக்கே" என்றார் தாய்மாமன். மாப்பிள்ளையின் அம்மா முகம் தெளிந்தது. தட்டு மாறியது. பெண்ணின் அப்பா மாமாவை ஒரு பார்வை பார்த்தார், காட்டிக்கொடுக்கவில்லை.

தை மாதம் சாந்தன்பாறையில் கல்யாணம். நாங்களும் போயிருந்தோம். தாலி கட்டப்போகும் நேரத்தில் பந்தல் துணியைச் சரசரவென்று இறக்கி, மாப்பிள்ளையின் மாமன்மார் நாலு பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு பயபக்தியோடு நின்றார்கள். பொண்ணு வீட்டு முறையாம். மாமா என்னைப் பார்த்தார். நான் தூரத்து ஏலக்காய்த் தோட்டத்தைப் பார்த்தேன். போன மாதம் பூப்பாறையில் இன்னொரு வீட்டிலும் அப்படிச் செய்தார்களாம்.

மாமா என்னை ஒருநாளும் திட்டவில்லை. லாப்டாப்புக்கு நேர் மேலே ஒரு புதுத் தினசரி காலண்டரை ஆணியடித்து மாட்டினார், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் யார் எந்தத் தேதி சொன்னாலும், "நம்ம தேதியா, அம்மிணி தேதியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அம்மிணி தேதி என்றால் ஒரு நாள் முன்னால்.

அடுத்த வருஷம் எனக்குப் பிரசவம். டாக்டர் வியாழக்கிழமை என்று எழுதியிருந்தார். கணவர் வியாழனிலிருந்து லீவு போட்டிருந்தார். அத்தை வியாழனுக்கென்று பை கட்டி வைக்க இருந்தார். மாமா மட்டும் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே ஜீப்பைக் கழுவி, வாசலில் திருப்பி நிறுத்திவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். புதன்கிழமை காலை இட்லி சாப்பிடும்போது வலி வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் ஃபைலைப் புரட்டிவிட்டு, தேதி நாளைக்கல்லே என்று மலையாளம் கலந்து கேட்டார்.

"அது டாக்டரம்மா தேதிங்க" என்றார் மாமா. "எங்க ஊட்டுல அம்மிணி தேதிதானுங்க செல்லும்."