மறுநாள் மேஸ்திரி

எழுதுவதற்கு எனக்குத் தகுதி கிடையாது. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் ஜீப்பின் டிரிப் ஷீட்டும் லீவு லெட்டரும்தான். நாலு பேர் கூடினால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன், இத்தனை பேர் படிக்கிற பத்திரிகையில் எழுத வந்துவிட்டேன். பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆளைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கள்ளக்குறிச்சி தாலுகாவில் அவரைப் போல வண்டி வேலை செய்ய இன்னொரு ஆள் பிறக்கவில்லை. அவர் வேலை செய்த வண்டி மறுநாள் அவரிடமே திரும்பி வராமல் இருந்ததும் இல்லை. இரண்டும் உண்மை. அதனால்தான் அவருக்கு மறுநாள் மேஸ்திரி என்று பெயர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாய்கூட, "பேரா? கேட்டதில்லியே" என்றார்.

அவர் பிரித்து மாட்டிய கியர் பாக்ஸ் பத்து வருடம் பேசாது. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மறுநாள் காலை அந்த வண்டியில் வேறு ஏதாவது ஒரு சில்லறை வேலை கெட்டிருக்கும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரி ஒன்றுக்கு எஞ்சினையே இறக்கி ஏற்றினார். எஞ்சின் தங்கம். ஆனால் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் ஹாரன் அடித்தது. ஆலையிலிருந்து கள்ளக்குறிச்சி வரை எத்தனை இடது வளைவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. வழியில் ஒரு கல்யாண ஊர்வலம், பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்து ஒதுங்கி நின்று கும்பிட்டதாம்.

நைனார்பாளையத்துக்காரர் ஒருவருடைய காருக்கு கிளட்ச் மாற்றினார். மறுநாள் பக்கத்துக் கண்ணாடி தானாகத் திரும்பி டிரைவர் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தது. ஒரு போலீஸ்காரருக்கு இரக்கப்பட்டு சைக்கிள் செயின் போட்டுக் கொடுத்தார். மறுநாள் மணியின் மூடி கழன்று, பஸ் ஸ்டாண்டு முழுக்க உருண்டு, வாழைப்பழக் கடையில் போய் நின்றது.

திரும்பி வருகிறவர்கள் கத்திக்கொண்டுதான் வருவார்கள்.

"இன்னா மேஸ்திரி, இந்த வாட்டி எத மறந்த?"

"வயசாவுதுல்ல, மறதி ஜாஸ்தியாயிடுச்சி. குந்துப்பா, டீ சொல்றேன்."

வயசு அப்போது நாற்பதுகூட இருக்காது. டீ அவர் கணக்கு. இரண்டு நிமிட வேலையை முக்கால் மணி நேரம் செய்வார். அந்தப் பக்கம் மழை எப்படி, எருமை கன்று போட்டதா, தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமைந்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கோபமாக வந்தவன் ஏப்பம் விட்டுப் போவான். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சொல்ல ஒன்றும் இருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. பட்டறையிலேயே சமைத்தார், பட்டறையிலேயே படுத்தார். தேடி வர உறவு யாரும் கிடையாது.

நான் அப்போது கல்வராயன் மலையில் ஒரு பிள்ளைகள் விடுதியின் ஜீப்பை ஓட்டினேன். பழைய ஜீப். அதில் கியர் பாக்ஸுக்குப் பின்னால், நம் காலுக்கு அடியில், டிரான்ஸ்பர் கேஸ் என்று ஓர் இரும்புப் பெட்டி உண்டு. எஞ்சினின் இழுவையை நாலு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். செங்குத்து மேட்டுக்கும் மணலுக்கும் அதில் 'ஸ்பெஷல்' என்று தனி கியர் போடுவோம். எங்கள் ஜீப்பில் அந்தப் பெட்டி உள்ளே தேய்ந்துபோய், மேட்டில் ஸ்பெஷல் போட்டால் பாதியில் தானாகக் கழன்றுகொள்ளும். நான் அந்த கியர் போடும் கம்பியைத் துண்டால் சீட்டுக் காலோடு கட்டி, முட்டியால் அழுத்திப் பிடித்து ஓட்டுவேன். இடது முட்டி காய்த்துப் போயிருந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. விடுதிக்கு அரிசி ஏற்றிப் போக நான் இறங்கி வந்த அன்றே மறியல் தொடங்கிவிட்டது. புளிய மரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. அடுத்த நாள் மலையிலிருந்து ஓர் ஆள் நடந்தே வந்து வார்டனின் சீட்டைக் கொடுத்தார். 'அரிசி நாளை ராத்திரி வரைதான்.' விடுதியில் நாற்பது பிள்ளைகள்.

ரோட்டை விட்டால் ஒரே வழி, கரும்பு வயலோரம் போய், கோமுகி ஆற்று மணலில் இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி ஏறுவது. மணலில் ஸ்பெஷல் கழன்றால் ஜீப் அங்கேயே புதைந்துவிடும்.

பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி ரோட்டின் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு நாளா ஒரு ஹாரன் கெடையாது தம்பி. காது வலிக்குது."

நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஜீப்புக்கு அடியில் போய்விட்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"இன்னா தம்பி, துண்டுலயா கட்டி வெச்சிருக்கற? இது இன்னா ஜீப்பா, மாடா?"

பெட்டியை இறக்கிப் பிரித்தார். நடு கியர் சுற்றும் தண்டு ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்திருந்தது. கியருக்கும் தண்டுக்கும் நடுவில் ஊசி மாதிரி உருளைகள் இருக்கும், அவை நசுங்கியிருந்தன. பித்தளை வாஷரைத் தூக்கிப் பிடித்தார். தேய்ந்த தேய்வில் அதன் வழியாக வெயில் தெரியாததுதான் பாக்கி.

"இத்தன நாளு இது ஓடல தம்பி. உம் முட்டிதான் ஓடிச்சி."

பாய் கடையின் பின்கதவைத் திறந்து தண்டும் உருளைகளும் கொடுத்தார். "உருளைய எண்ணி வாங்கிக்க. அவன் எதாச்சும் ஒண்ண மிச்சம் வெப்பான்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

கியரின் துளைக்குள் கிரீஸ் தடவி, உருளைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி நிறுத்த வேண்டும். ஒன்று சாய்ந்தால் எல்லாம் சாயும். "மூச்ச மெதுவா வுடு" என்றார். நான் விடவே இல்லை. கடைசி உருளையைக் காணோம். இருவரும் தரையைத் தடவினோம், சாக்கை உதறினோம். தும்மினால் மற்றவை விழுந்துவிடும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் என்னைச் சுற்றி வந்தார். உருளை என் முழங்கையில் கிரீஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"திருடிகினு போவப் பாத்தியே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். யாரோடும் அப்படிச் சிரித்து எனக்கு நாளாகியிருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிகாலையில் பெட்டி ஜீப்பில் ஏறியது. எண்ணெய் ஊற்றினார். அடியில் படுத்து, எண்ணெய் வடிக்கிற போல்ட்டை இறுக்கினார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கக் குனிந்திருந்தேன். இறுக்கியவர் ஸ்பானரைத் திருப்பிப் போட்டு, அதே போல்ட்டை ஒரு சுற்று தளர்த்தினார்.

எங்கள் கண்கள் சந்தித்தன.

"பாத்துட்டியா?"

"இல்லீங்க."

"பாத்துட்ட." வெளியே வந்து துணியில் கையைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "வேல சுத்தமா முடிஞ்சிட்டா எவன் தம்பி இங்க வர்றான்?"

ஹாரன், கண்ணாடி, சைக்கிள் மணி எல்லாம் என் தலைக்குள் ஒரு முறை ஓடின. அரிசிதான் ஞாபகம் வந்தது.

"நாளைக்கு என்னால திரும்பி வர முடியாதுங்க மேஸ்திரி. மேல ஏறிட்டா மறியல் முடியற வரைக்கும் அங்கதான். வழியில எண்ணெய் ஒழுவுனா..."

என் வாழ்க்கையில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர் தலையாட்டினார். திரும்ப அடியில் போய் இறுக்கினார். அதோடு நிற்கவில்லை. ஹாரன் ஒயர், கண்ணாடி, விளக்கு, ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்தார். டயரில் வால்வு மூடிகளைக்கூட இறுக்கினார். வண்டியில் அவர் வைத்த குறை என்று ஒன்றும் பாக்கி இல்லை.

அரிசி மூட்டைகளை ஏற்றினோம். பின்னால் கொள்ளாமல் என் பக்கத்துச் சீட்டிலும் ஒன்று வைத்தோம்.

"ஸ்பெஷல் நிக்குதான்னு ஒரு டிரயல் பாக்கணும்" என்றார். "நானும் வரலாம். ஆனா எடம் இல்ல."

ஒரு மூட்டையை இறக்கினால் இடம் இருந்தது. சொல்லியிருக்கலாம். அது நாற்பது பிள்ளைகளின் அரிசி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வாய் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். ரோட்டின் நடுவில் ஸ்டூல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் மறியல்காரர்கள் மடக்கினார்கள்.

"யோவ், எங்க போய்க்கினு இருக்கற?"

"மலைக்குங்க. புள்ளைங்க ஆஸ்டலுக்கு அரிசி."

அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பெரியவர் ஒருவர், "நாம கேக்கறதே புள்ளைங்க படிக்கத்தானேய்யா, வுடுங்கடா" என்றார். நாலு பேர் மணல் வரை கூடவே வந்தார்கள், தள்ளிவிட. தள்ள வேண்டியிருக்கவில்லை. ஸ்பெஷல் போட்டேன். துண்டு என் தோளில்தான் இருந்தது. முட்டியை எடுத்துவிட்டேன். ஜீப் மணலைத் தின்றுகொண்டு ஏறியது. மலை வளைவுகளில் ஒரு முறைகூடக் கழலவில்லை. பெட்டியிலிருந்து சத்தமே இல்லை. பக்கத்தில் மூட்டை உட்கார்ந்திருந்தது. அத்தனை வருடம் தனியாகத்தான் ஓட்டினேன். அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

சாயங்காலம் அடுப்பு அணைவதற்குள் போய்ச் சேர்ந்தேன்.

மறியல் முடிந்து, மரங்களை அப்புறப்படுத்திய பிறகு கீழே இறங்கினேன். பட்டறையைக் கடக்கும்போது மேஸ்திரி எழுந்து நின்று ஜீப்பைப் பார்த்தார். முதலில் அடிப்பக்கம் பார்த்தார், சொட்டுகிறதா என்று. பிறகு காதைத் திருப்பிக் கேட்டார். பிறகு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். குறை ஒன்றும் இல்லாத வண்டியை எதற்காக நிறுத்துவது என்று தெரியாமல் நானும் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் எண்ணெய் வடிக்கிற போல்ட்டை நானே ஒரு சுற்று தளர்த்திவிட்டு, ஜீப்பைப் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். மேஸ்திரி குனிந்து பார்த்தார். இரண்டு டீ சொன்னார்.