பெண் பார்க்கும் நேரத்தில் மோதிய நட்சத்திரங்கள்

ராசிபுரம்,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய அன்பழகன் மச்சான் அவர்களுக்கு, கைலாசம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உடம்புக்கு எல்லோரும் நலம். மனசுக்குத்தான் யாரும் நலமில்லை. அக்காவின் முழங்கால் வலி தேவலையா? போனில் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பீர்கள், எனக்குக் கோர்வை விட்டுப்போகும். அதனால்தான் கடிதம்.

நீங்கள் சொல்லிவிட்ட திருச்செங்கோட்டுக்காரர்கள் நேற்றுப் பதினொரு மணிக்குப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கௌதமன், அவர் அம்மா சென்னியம்மாள், இன்னும் நாலு பேர். என் மகள் மோகனப்பிரியா காபித் தட்டோடு வந்து நின்றாள். அந்த நேரம் பார்த்து அவள் செல்போன் ஆம்புலன்ஸ் மாதிரி அலறியது. தட்டை மாப்பிள்ளை கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே ஓடி லேப்டாப்பைத் திறந்துவிட்டாள்.

அவள் வேலை உங்களுக்குத் தெரியும், தொலைநோக்கிக்கு மென்பொருள் எழுதுவது. எங்கோ இரண்டு நட்சத்திரங்கள் மோதினால் ஈர்ப்பு அலை என்று ஒன்று கிளம்புமாம். அதைப் பிடிக்கும் கருவி தகவல் கொடுத்ததும், சிலி நாட்டு மலைமேல் ஆளில்லாமல் நிற்கும் தொலைநோக்கி யாரையும் கேட்காமல் தானே திரும்பி, எந்த மூலையை முதலில் பார்ப்பதென்று தானே முடிவுசெய்து, மோதிய இடத்தைத் தேட வேண்டுமாம். யாரையும் கேட்காத அந்த மிஷின், நேற்றென்று பார்த்துக் கூரை மூடியைத் திறக்காமல் நின்றுவிட்டது. பெங்களூரிலிருந்து இவளோடு வேலை பார்க்கும் ஜெயபிரகாஷிடம் இவள், "மூடியத் தெறங்க! சீக்கிரம் தெறங்க!" என்று போனில் கத்த, என் மனைவி தெய்வநாயகி பதறிப்போய்க் கேசரிப் பாத்திரத்தைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள்.

"என்னங்க ஆச்சு?" என்று சென்னியம்மாள் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். "ஒண்ணுமில்லீங்க, ரெண்டு நட்சத்திரம் மோதிக்கிச்சுங்க."

அந்த அம்மாள் முகம் மாறிவிட்டது. "ஏனுங்க, ரெண்டும் நல்லாப் பொருந்துதுன்னுதானுங்க சோசியர் சொன்னாரு?"

"அது வேறீங்க, இது நெசமான நட்சத்திரமுங்க."

"அப்ப சோசியர் சொன்னது பொய்யிங்களா? எப்ப இருந்துங்க மோதுது?"

மகள் என்றோ சொன்னது ஞாபகம் வந்து, "மோதிப் பத்துக் கோடி வருசம் ஆச்சுங்க, தகவல் இப்பத்தான் வந்துச்சு" என்றேன்.

"இத்தன நாளா மறைச்சுப்போட்டீங்களே!" என்று எழுந்துவிட்டார்.

கௌதமன் மட்டும் தட்டோடு உள்ளே எட்டிப் பார்த்து, "தெறந்துருச்சுங்களா?" என்றார். "தெறந்துருச்சு, தேடுதுங்க!" என்றாள் இவள், திரும்பாமலே. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை மச்சான். அதற்குள் அவர் அம்மா அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே, தாங்கள் நேரில் திருச்செங்கோடு போய், மோதியது வானத்து நட்சத்திரம்தான், சத்தியமாக மோதியது, நம் பெண் பொய் சொல்கிறவள் இல்லை என்று புரியவைக்க வேண்டும். எனக்குப் புரிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
குழம்பிப்போன மைத்துனன்
கைலாசம்

பி.கு.: கவரை ஒட்டும்போது மகள் வந்து, நட்சத்திரம் மோதவே இல்லை என்கிறாள். ஏதோ அதிர்வை அலையென்று நினைத்துத் தகவல் கொடுத்துவிட்டார்களாம், இப்போது வாபஸாம். சென்னியம்மாளுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். "மோதலீங்களா சாமி? வெள்ளிக்கெழம பூ வெக்க வாரோமுங்க!" என்கிறார். நீங்கள் திருச்செங்கோடு போக வேண்டாம், இங்கே வாருங்கள். மோதவில்லையே என்று உங்கள் மருமகள் சாப்பிடாமல் அழுகிறாள். "கவலப்படாதீங்க, அடுத்தது நிச்சயம் மோதுமுங்க" என்று கௌதமன் ஒரு மணி நேரமாகப் போனில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.