எங்க வூட்டுக் குடியுரிமைச் சட்டம்

ஞாயித்துக்கிழமை காலைல எங்க வூட்ல ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டாந்தேன். சாயங்காலமே வாபஸ் வாங்கிட்டேன். எந்த அரசாங்கமும் இவ்ளோ ஸ்பீடா வேலை செஞ்சிருக்காது.

என் பேரு ரத்தினம். பிள்ளைப்பாக்கத்துல பொறந்து, பொறந்த வூட்லயே இன்னிக்கும் குடியிருக்கிறவன். வேலை, இருங்காட்டுக்கோட்டைல ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனி கேட்ல செக்யூரிட்டி சூப்பர்வைசர். பாஸ் இல்லாம ஈ கூட உள்ள போவாது. முதலாளியோட மாமனாரையே வெயில்ல நிக்க வெச்சவன் நானு. அப்பேர்ப்பட்டவன் வூட்லயே மாசக்கணக்கா பாஸ் இல்லாம ஒரு ஆளு. என் மச்சான் மாசானம்.

ரூம் கிடைக்கிற வரைக்கும்னு சொல்லிகினு அம்பாசமுத்திரத்துலருந்து ஒரு பையோட வந்தான். ஒரகடத்துல வேலை கிடைச்சிது. ரூம் மட்டும் கிடைக்கல. தேடினாத்தானே கிடைக்கும்? செகண்ட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து ஹால்ல டிவிக்கு முன்னாடி, ஃபேனுக்கு நேர் கீழ படுத்துக்குவான். காலைல நான் டிவி போட்டா போர்வைக்குள்ளருந்து ஒரு முனகல் வரும். உடனே சமையல்கட்டுலருந்து என் பொண்டாட்டி கனகலட்சுமி குரல் குடுப்பா.

"ஏங்க, பய தூங்குதாம்லா. சவுண்டைக் குறைங்க."

என் ஹாலு, என் ஃபேனு, என் டிவி. ஆனா நான் பாக்குறது ஊமைப் படம். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்பா. என் ஹால் எனக்குத் திரும்பி வேணும், அவ்ளோதான்.

அப்பதான் அரசாங்க டிவில ஒரு சாமியார் வந்தாரு. காலைல ஆறரைக்கு. தினம் ஒரே சப்ஜெக்டு, விசுவாசம். மண்ணுக்கு விசுவாசமா இல்லாதவன் மனுசனே இல்லைன்றாரு. வெள்ளிக்கிழமை ஒரு மௌலவி, ஞாயித்துக்கிழமை ஒரு பாதிரியார். டிரஸ்சுதான் வேற. சாயங்காலம் விவாதம் வேற உண்டு. யாரு குடிமகன், யாரு வெளி ஆளுன்னு ஆறு பேரு ஆறு கட்டத்துல உக்காந்துகினு கத்துவாங்க. நாட்டுக்கு எது நல்லதுன்னு எனக்கு சத்தியமா தெரியாது. மாசானத்தை வெளிய அனுப்புறதுக்கு எது நல்லதுன்னு மட்டும் பளிச்சுனு தெரிஞ்சிது.

கம்பெனில விசிட்டருக்கு கழுத்துல மாட்டிவுட சிவப்பு டேக்கு உண்டு. பழசாப் போனது ரெண்டு மூணு என்கிட்ட இருந்திச்சு. ஞாயித்துக்கிழமை காலைல டேக்கும் கையுமா மாசானம் தலைமாட்டுல போய் நின்னேன்.

"எய்ந்திருப்பா. இன்னிலருந்து இந்த வூட்ல ரெண்டு வகை. இங்க பொறந்தவன் குடிமகன். மத்தவங்க விசிட்டரு. விசிட்டரு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கேட்டைத் தாண்டிடணும்."

கண்ணைக் கசக்கினான். "சரி அத்தான். டீ குடிச்சிட்டுப் போகலாமா?"

"விசுவாசத்தை நிரூபிச்சா இருக்கலாம். ஒரே கேள்வி. எங்க ஊர்த் தண்ணி நல்லாகீதா, தாமிரபரணித் தண்ணி நல்லாகீதா?"

"என்ன அத்தான் இப்பிடிக் கேக்கிய? தாமிரபரணிதான். இங்க உள்ள தண்ணில பருப்பே வேக மாட்டேங்கு."

"துரோகி!" டேக்கை மாட்டிவுட்டேன்.

கனகா வெளிய வந்தா. சண்டை வரும்னு இடுப்புத் துண்டை இறுக்கிக்கினு நின்னேன். அவ சாதாரணமா கேட்டா.

"சட்டம் நல்லாத்தான் இருக்கு. எல்லாருக்கும் ஒண்ணுதான?"

"சட்டம்னா எல்லாருக்கும்தான்!"

"அப்ப எனக்கும் ஒரு டேக் குடுங்க. நானும் அம்பாசமுத்திரத்துக்காரிதான?"

அவளே எடுத்து மாட்டிக்கினு தம்பி பக்கத்துல சோபால உக்காந்துட்டா. உள்ள அடுப்புல பாலு பொங்குது.

"கனகா, பாலு!"

"பொங்கட்டும். கம்பெனில விசிட்டர் மெசின்ல கை வைக்கப்பிடாதுன்னு நீங்கதான தெனமும் சொல்லுவிய?"

ஓடிப்போய் நான்தான் அடுப்பை அணைச்சேன். காஸ் அடுப்பு மெஷினு. மிக்ஸி மெஷினு. கிரைண்டரு, வாஷிங் மெஷினு, தண்ணி மோட்டாரு. நம்ம வூட்ல இவ்ளோ மெஷின் கீதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

"விசிட்டருக்கு கேன்டீன்ல டீயும் சாப்பாடும் உண்டுல்லா?" ஹால்லருந்து கேக்குறா. "அதுவும் ஒங்க ரூலுதான்."

டிவில அன்னிக்குப் பாதிரியார். கனகா சவுண்டைக் கூட்டி வெச்சா. வாசல்ல வந்து நிக்கிற அந்நியனுக்கு முதல்ல சோறு போடு, அதுக்கப்புறம் ஜெபம் பண்ணுன்றாரு. எந்தப் பக்கம்யா நீ?

கோழிக் கொழம்பு வெச்சேன். வெங்காயம் உரிச்சேன், துணி தொவைச்சேன், பாத்திரம் கழுவினேன். பாவம் பாத்து மாசானம் கரண்டியைத் தொட வந்தான்.

"ஏலே, மெசின் பக்கம் போகாத!" கனகா அதட்டினதுல பையன் அப்படியே பின்வாங்கினான். ரெண்டு விசிட்டரும் கால் நீட்டி உக்காந்து சாப்ட்டாங்க. காரம் கொஞ்சம் கம்மியாம்.

சாயங்காலம் பாத்தா, கனகா பையில துணி அடுக்கிகினு இருந்தா.

"எங்க கெளம்புற?"

"ஆறு மணி ஆகப்போகுதுல்லா? கிளாம்பாக்கம் போனா ஊர் பஸ் இருக்கு. சட்டத்தை மதிக்கணும்லா."

சும்மா மிரட்டுறாள்னுதான் நெனைச்சேன். அவ பை ஜிப்பை இழுத்து மூடினா. அவ ஹாஸ்டல்ல தங்கிகினு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வேலைக்கு வந்த காலத்துல, அந்த கம்பெனி கேட்லதான் அப்ப எனக்கு டூட்டி. தினம் அவ பையை செக் பண்ணவன் நானு. ஷிப்ட் முடிஞ்சு அவ வெளிய போறப்பல்லாம் மனசு கெடந்து அடிச்சிக்கும். அவ இல்லாத ஹாலை வெச்சிகினு நான் இன்னா பண்றது?

"இரு, இரு! உனக்குக் குடியுரிமை குடுத்துட்டேன்!"

"எனக்கு மட்டுமா?"

"அவனுக்கும்!"

"கான்ட்ராக்டா, பர்மனென்டா?"

"ரெண்டு பேருக்கும் பர்மனென்ட்டு, போதுமா?"

பையைக் கீழ வெச்சா. டேக்கைக் கழட்டினா. தம்பி டேக்கையும் அவளே கழட்டினா.

"குடிமக்கள்னா ஓட்டு உண்டுல்லா?"

"உண்டு உண்டு," ன்னேன். பை கீழ எறங்கின சந்தோசத்துல யோசிக்கவே இல்ல.

"அப்ப, ஹால் மாசானத்துக்கு. கை தூக்குங்க."

ரெண்டு கை.

"அவன் எந்திரிக்கிற வரைக்கும் டிவி கூடாது."

ரெண்டு கை.

"ஞாயித்துக்கிழமை சமையல் ஒங்க அத்தானுக்கு."

ஒரு கை டக்குனு எழுந்திச்சு. இன்னொண்ணு கொஞ்சம் கூச்சப்பட்டு எழுந்திச்சு. "தப்பா நெனைக்காதீய அத்தான்," ன்னான் மாசானம். "கொழம்பு நெசமாவே நல்லா இருந்துச்சி."

எனக்கு வந்துச்சே கோவம்! "இது இன்னா அக்கிரமம்? இது என் வூடும்மா! நான் பொறந்த வூடு!"

"யாரு இல்லன்னா?" ன்னா கனகா. "அதான் ஒங்களுக்கும் ஒரு ஓட்டு குடுத்திருக்கோம்லா."