கடல் கடந்த அப்பாவு

தன் குடும்பத்துக்கு ஒரு குடும்பப் பெயர் வாங்கித் தராமல் ஓய்வதில்லை என்று கலியன் சபதம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். இரண்டாவது காபி முடிந்து, மூன்றாவது காபி மறுக்கப்பட்ட நேரம்.

காரணம் இருந்தது. மகள் சிந்துவுக்கு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அது 'அன்புள்ள ஃப்னூ' என்று தொடங்கியது.

"யாரும்மா இந்த ஃப்னூ?" என்றார் கலியன்.

"நான்தாம்ப்பா. பாஸ்போர்ட்ல சர்நேம் இல்லையே! அதனால சிந்துவைத் தூக்கி சர்நேம்ல போட்டுட்டாங்க. பேர் போடற இடத்துல எஃப், என், யூ. முதல் பெயர் தெரியவில்லைன்னு அர்த்தமாம்."

"தெரியலையா? நான் இல்ல வெச்சேன்?"

"உங்களுக்குத் தெரியும். அவங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதே."

கலியனுக்கு நெஞ்சு கொதித்தது. மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். ஆர்.கே.புரத்தில் அரசு குவார்ட்டர்ஸ். அப்படிப்பட்டவரின் மகள் ஃப்னூவா?

யோசித்துப் பார்த்தால் அவருக்கே பெயர் விஷயத்தில் டெல்லி நியாயம் செய்ததில்லை. விருத்தாசலத்திலிருந்து ரயிலேறும்போது அவர் அ. கலியன். 'அ' என்பது அப்பா அப்பாவு. டெல்லியில் இறங்கியதும் முழுப் பெயர் என்ன என்று கேட்டார்கள். சொன்னார். அன்றிலிருந்து ஆபீஸில் அவர் மிஸ்டர் அப்பாவு. வடநாட்டு அதிகாரிகள் 'அப்பாபாவ்ஜி' என்பார்கள், ஏதோ பாவ் பாஜிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. பக்கத்து சீட்டுத் தமிழர் மட்டும் 'அப்பாவி' என்பார். அவர்தான் சரியாகச் சொல்கிறார் என்பது இந்திராணியின் கருத்து.

இந்திராணி அவர் மனைவி. லோதி ரோடு பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. ஒவ்வொரு ஏப்ரலிலும் அட்மிஷன் ஃபாரத்தில் பெயர்க் கட்டத்தோடு மல்லுக்கட்டுகிற பெற்றோர் நூறு பேரையாவது பார்ப்பவள்.

"இதுக்கா இவ்வளவு கோபம்?" என்றாள் அவள். "சிந்து கலியன்னு போட்டா முடிஞ்சுது."

"முடிஞ்சுதா? வெளிநாட்டுக்காரன் வாயில அது காலியான்னு வரும். நம்ம குடும்பமே காலியான மாதிரி."

"அப்போ என்னதான் போடணும்கிறீங்க?"

கலியன் எழுந்து நின்றார். பெரிய விஷயங்களை அவர் நின்றுகொண்டுதான் சொல்வார். "அப்பாவு! மூணு பேருக்கும். கலியன் அப்பாவு, இந்திராணி அப்பாவு, சிந்து அப்பாவு."

இந்திராணி கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

"சிந்துவுக்குத்தானே பாஸ்போர்ட்? நான் எதுக்கு மாத்திக்கணும்?"

"குடும்பம்னா ஒரே பேர் இருக்கணும்."

"நான் பொறந்ததிலிருந்து பி. இந்திராணி. சர்ட்டிஃபிகேட்ல அதான், சர்வீஸ் புக்ல அதான். கல்யாணத்துக்கப்புறம்கூட நான் இனிஷியலை மாத்தல. எங்கப்பா பேரு பாலசுப்ரமணியம். ஆம்பளைப் புள்ள கிடையாது. நாங்க ரெண்டு பொண்ணுங்க. அக்கா மாத்திக்கிட்டா. மிச்சம் இருக்கிறது இந்த ஒரு எழுத்துதான்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. அவள் அப்பா போய் நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. கலியன் இந்தக் குரலைக் கவனித்திருக்க வேண்டும். அவர் ஃபாரத்தை நினைத்துக்கொண்டிருந்தார்.

"பாலசுப்ரமணியம்னு எழுதினா ஃபாரத்துல கட்டமே பத்தாதும்மா. அப்பாவுன்னா உலகத்துக்கே தெரியும்."

"எந்த உலகத்துக்கு?"

"காட்டறேன்," என்றார் கலியன்.

அன்று மாலையே ஹாலில் ஓர் உலக வரைபடம் ஏறியது. கலியன் இணையத்தில் இறங்கினார். ஒரு வாரம் வெளியே வரவில்லை. அந்தக் காலத்தில் நம்மூர் ஜனங்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனபோது, அங்கே பதிவு செய்த குமாஸ்தாவுக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாது. காதில் விழுந்த பெயரை எழுதினான். அந்தப் பெயரே பிள்ளைக்கும் பேரனுக்கும் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. மொரீஷியஸில் அப்பாவு இருந்தார். ரீயூனியன் தீவில் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருந்தார். அங்கிருந்து பேரன் பேத்திகள் லண்டனுக்கும் மெல்போர்னுக்கும் போயிருந்தார்கள். ஆங்கிலேயன் ஆண்ட இடத்தில் பெயரின் வால் ஒரு மாதிரி, பிரெஞ்சுக்காரன் ஆண்ட இடத்தில் வேறு மாதிரி. ஆனால் உடம்பு அப்பாவுதான்.

ஃபேஸ்புக்கில் ஓர் அப்பாவு கிடைக்கும்போதெல்லாம் கலியன் வரைபடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினார்.

புதன்கிழமை காலை இந்திராணி கண்ணாடி முன்னால் நின்று கத்தினாள். "என் பொட்டு அட்டை எங்க?"

"மொரீஷியஸ்ல பாரு," என்றாள் சிந்து.

இந்திராணி ஹாலுக்கு வந்து, மடகாஸ்கருக்குப் பக்கத்திலிருந்து ஒரு பொட்டை உரித்து நெற்றியில் வைத்துக்கொண்டு, பஸ் பிடிக்கப் போனாள். அப்பாவு குலத்தில் ஒருவர் குறைந்தார்.

"இவ்வளவு பேரும் நம்ம ஜனம்தான்," என்றார் கலியன் அன்று சாயங்காலம். "எங்க முப்பாட்டனோட அண்ணன் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுக் கப்பலேறினார்னு சொல்லக் கேட்டிருக்கேன். அவரா இருக்கும்."

"சாப்பாடு சரியில்லன்னு கோவிச்சிருப்பார். அது உங்க பரம்பரை வியாதி," என்றாள் இந்திராணி.

ஆனால் கையெழுத்து மட்டும் போடவில்லை. கலியன் பெயர் மாற்றத்துக்கான அபிடவிட்டை டைப் அடித்தே வைத்திருந்தார். மூன்று கையெழுத்து வேண்டும். ஒன்று அவருடையது. இரண்டாவது சிந்துவுடையது. அவளோ, "அம்மா போட்டா நானும் போடறேன். ஜல்தி முடிவு பண்ணுங்க, விசா அப்ளை பண்ணணும்," என்றாள்.

அப்போதுதான் கலியனுக்கு அந்த யோசனை வந்தது. வரைபடம் பேசாது. அப்பாவுவே நேரில் வந்து பேசினால்?

மொரீஷியஸில் அபிராமி அப்பாவு என்று ஓர் அம்மாள். ஓய்வுபெற்ற டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். இந்தியக் கோயில்களைப் பார்க்கக் கிளம்பியிருந்தார். டெல்லியில் மூன்று நாள். கலியன் ஃபேஸ்புக்கில் உருகி உருகி எழுதினார். 'மலை மந்திர் முருகனைத் தரிசித்துவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டும்.' அந்த அம்மாள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். சாப்பாட்டில் என்ன சேரும், என்ன சேராது என்பதையெல்லாம் கலியன் எங்கே கேட்பது? மனைவியின் வாட்ஸாப் நம்பரைக் கொடுத்து, 'சமையல் விஷயம் இவரிடம்' என்று முடித்துக்கொண்டார்.

வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தவறுகளில் இது மூன்றாவது. முதல் இரண்டையும் இந்திராணி அடிக்கடி நினைவுபடுத்துவாள்.

விருந்துக்கு முந்தின நாள் இந்திராணி தானாகவே பேச்சை எடுத்தாள். கையில் காபி. அதுவும் மூன்றாவது காபி. கலியனுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"ஏங்க, நானும் யோசிச்சேன். வீண் பிடிவாதம் எதுக்கு? அவங்க பெரிய குடும்பம். நாலு கண்டத்துல இருக்காங்க. அவங்களுக்கு அந்தப் பேரு எந்த வழியா வந்துச்சோ, நாமளும் அதே வழியில வெச்சுக்கலாம்."

கலியன் காபியை நழுவவிடப் பார்த்தார். "நிஜமாவா?"

"நிஜமா. ஆனா நாளைக்கு அவங்க சொல்றதைக் கேட்டுட்டு நீங்க பேச்சு மாறக் கூடாது."

"நானா? பேச்சா? எழுதியே தரேன்!"

இருபத்தெட்டு வருஷம் ஃபைலில் குறிப்பெழுதிய கை. ஒரே மூச்சில் எழுதியது: 'மொரீஷியஸ் அப்பாவு குடும்பத்தார் எம்முறையில் தம் குடும்பப் பெயரைப் பெற்றனரோ, அம்முறையே இக்குடும்பத்தார் மூவருக்கும் விதிவிலக்கின்றிப் பொருந்தும்.' கீழே கையெழுத்து, தேதி. சாட்சிக்குச் சிந்து.

"விதிவிலக்கின்றின்னு எதுக்குப்பா?" என்றாள் சிந்து.

"உங்கம்மா நழுவிடக் கூடாது இல்ல?"

இந்திராணி தாளை நாலாக மடித்து பீரோவில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் அபிராமி அம்மாள் வந்தார். நெற்றியில் மலை மந்திர் விபூதி. வெள்ளைப் பருத்திப் புடவை. தமிழ் கோயில் அளவுக்குத்தான் தெரியும். 'வணக்கம்', 'சாமி', 'காவடி', 'ரசம்'. மற்றதெல்லாம் பிரெஞ்சு வாசனையடிக்கும் இங்கிலீஷ். தங்கள் ஊரில் விசேஷம் என்றால் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார்கள் என்றார். இந்திராணி ஏழு கறி சமைத்திருந்தாள். இது எப்படி இவளுக்குத் தெரியும் என்று கலியன் யோசிக்கவில்லை. அவர் நாலாவது கறியில் இருந்தார்.

அபிராமி அம்மாள் பொட்டு வைத்த உலகத்தைப் பார்த்து வியந்தார். டர்பனில் ஒரு பொட்டைத் தொட்டு, "இவர் என் ஒன்றுவிட்ட தம்பி," என்றார். கலியன் இந்திராணியைப் பெருமையோடு பார்த்தார்.

"அம்மா," என்றார் கலியன் ஆங்கிலத்தில், தொண்டையைச் சரிசெய்துகொண்டு. "உங்கள் குடும்பத்தில் முதலில் கப்பலேறிய அந்த மகாபுருஷர் அப்பாவுவைப் பற்றிச் சொல்லுங்கள்."

"அப்பாவு கப்பலேறவே இல்லையே," என்றார் அபிராமி அம்மாள்.

கலியன் கையிலிருந்த அப்பளம் உடைந்தது.

"வந்தது வடிவுதான். எங்கள் தாத்தாவுக்குப் பாட்டி. அவரும் அவர் கணவரும். கணவருக்குக் கப்பலில் காய்ச்சல் கண்டு, துறைமுகத்தில் பேச்சுமூச்சில்லாமல் படுத்துக் கிடந்தாராம். குமாஸ்தா வடிவுவிடம், உன் புருஷன் பெயர் என்ன என்று கேட்டான். அந்தக் காலத்தில் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்களாமே?"

"சொல்ல மாட்டாங்க," என்றாள் இந்திராணி, ரொம்பப் பணிவாக.

"அவனும் விடாமல் கேட்டான். கடைசியில் வடிவு, 'நான் அப்பாவு மகள்' என்றாராம். அவன் இரண்டு பேருக்கும் அப்பாவு என்று எழுதிவிட்டான். கணவர் கண்ணைத் திறந்தபோது அவர் அப்பாவு ஆகியிருந்தார். மாமனார் பெயர். அதைத்தான் ஐந்து தலைமுறையாக நாங்கள் வைத்திருக்கிறோம்."

"அப்போ..." கலியன் உடைந்த அப்பளத்தை இலையில் வைத்தார். "அந்தக் கணவரோட நிஜப் பேர்?"

"யாருக்குத் தெரியும்?" அபிராமி அம்மாள் சிரித்தார். "வடிவுதான் கடைசிவரை சொல்லவே இல்லையே! ஏன், இதையெல்லாம் நான் போன வாரமே இந்திராணிக்கு விவரமாக அனுப்பியிருந்தேனே. எத்தனை நல்ல பெண்! இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்."

இந்திராணி எழுந்து போனாள். பீரோ திறந்து மூடும் சத்தம் வந்தது. திரும்பியபோது கையில் நாலாக மடித்த அந்தத் தாள்.

"அவங்களுக்கு எந்த வழியா வந்துச்சோ, அந்த வழி," என்றாள். "பொண்டாட்டியோட அப்பா பேரு."

"இரு இரு. சிந்துவுக்கு வேணும்னா..."

"மூவருக்கும்ப்பா," என்றாள் சிந்து, வாசித்துக்காட்டி. "விதிவிலக்கின்றி."

விருந்தாளி எதிரில் சத்தம் போட முடியாது. போட்ட கையெழுத்தை மறுக்கவும் முடியாது. கீழே தேதிகூடப் போட்டிருந்தார். கலியன் பாலசுப்ரமணியம். கட்டங்களை எண்ணிப் பார்த்தார். இவ்வளவையும் டெல்லியில் எவன் முழுசாகச் சொல்வான்? திங்கட்கிழமையே பாலுஜி என்று சுருக்குவான். இந்தி ஊரில் பாலு என்றால் கரடி.

ஆனால் ஒன்று நடந்தது. சிந்து ஒரு தாளில் தன் புதுப் பெயரை எழுதிப் பார்த்து அம்மாவிடம் நீட்டினாள். இந்திராணி அதை வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு, பாயசம் கொண்டுவருவதாகச் சொல்லி அடுக்களைக்குள் போனவள் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. கலியன் பார்த்தார். சொல்ல வந்த நாலு ஆட்சேபணையில் மூன்றை விழுங்கினார்.

நாலாவதை மட்டும் விட மனசில்லை. அபிராமி அம்மாளை மெட்ரோவில் ஏற்றிவிட்டு, ஸ்டேஷன் வாசலில் நின்றபடியே விருத்தாசலத்துக்குப் போன் போட்டார். அப்பா அப்பாவுவுக்கு எண்பத்திரண்டு வயது. காது கணீரென்று கேட்கும். பெற்ற பிள்ளை தன் பெயரை விட்டுவிட்டு மாமனார் பெயரை வைத்துக்கொள்வதை எந்தத் தகப்பன் தாங்குவான்? அவர் ஒரு வார்த்தை 'கூடாது' என்றால் போதும். பெரியவர் பேச்சை இந்திராணி தட்ட மாட்டாள்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"தெரியும்டா," என்றார் அப்பாவு. "மருமவ முந்தாநாளே போன் பண்ணி, வெச்சுக்கலாமா மாமான்னு கேட்டுச்சு. தாராளமா வெச்சுக்கங்கன்னுட்டேன்."

"உங்களுக்கு வருத்தமா இல்லையாப்பா?"

"எதுக்கு வருத்தம்? அம்பத்து மூணு வருசமா எம் பேரைக் கெடுத்தது போதும். இனிமே கொஞ்ச நாளு சம்பந்தி பேரைக் கெடு."