குளத்துக்குள் போன பதினொரு குழவிகள்

பிள்ளைகளின் ப்ராஜெக்டில் கை வைக்காத அம்மாக்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எனக்கோ, இன்றும் வானம் இருட்டினால் தூக்கம் போய்விடுகிறது.

எங்கள் குடியிருப்பின் பின்னால் ஒரு குளம். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கி இறங்கி, கரையில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குப் பள்ளம் அறுத்திருந்தது. அதைச் சரிவாகச் செதுக்கி, கல் பதித்து ஓடையாக்குவதுதான் அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்த என் மகள் மீனாவின் ப்ராஜெக்ட். சனிக்கிழமை மாலை டீச்சர் நேரில் வந்து மார்க் போடுவார்.

வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். முனை முனையாக உடைகல். (கட்டடம் இடித்த குப்பை என்றே நினைத்தேன்.)

"என்னடி, இவ்ளோ அசிங்கமா?"

"அது அப்படித்தான் இருக்கணும்மா. நீ கைய வைக்காத, ப்ளீஸ்!"

வைத்தேன். மறுநாள் அவள் டியூஷன் போனதும் கிளம்பினேன். கல்கத்தாவில் எங்கே தோண்டினாலும் களிமண்தான். அழகான கல்லுக்கு எங்கே போவது? லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குத்தான். மிக்ஸி வந்தபின் கட்டிலடியில் கிடந்த அம்மிக் குழவி, ஆட்டுக்கல் குழவி என்று பதினொன்று தேறின. காமாட்சி மாமி மட்டும், "திருப்பித் தந்துடுவியோல்லியோ?" என்று மூன்று முறை கேட்டார்.

உடைகல்லையெல்லாம் வாரி ஓரமாகப் போட்டுவிட்டு, குழவிகளை வரிசையாக அடுக்கினேன். கோயில் பிராகாரம் மாதிரி இருந்தது. மேல்வீட்டு வங்காளி அண்ணன் கோஷ் தா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "பௌதி, இன்னிக்கு சமையல் இங்கேயா?" என்றார். (பௌதி என்றால் அண்ணி.)

டீச்சரும், டியூஷன் முடிந்த மீனாவும், மழையும் சேர்ந்தே வந்தார்கள். மாடிக் குழாய் கொட்டியது. முதல் குழவி அசைந்தது. "நில்லு!" என்று அதட்டினேன். (கல்லைத்தான்.) அது உருண்டு அடுத்ததை இடித்தது. டுபுக். டுபுக். பதினொன்றும் குளத்துக்குள், பின்னாலேயே கரை மண்ணும். மீனா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏன் உருண்டுச்சு?" என்றார் டீச்சர்.

"உருண்டைக் கல்லு ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்காது, மிஸ். முனை இருக்கற கல்லுதான் கோத்துக்கிட்டு நிக்கும். நான் அதைத்தான் போட்டிருந்தேன்."

"மாத்தினது யாரு?"

நாற்பத்தாறு வயதில், வகுப்பில் போலக் கையைத் தூக்கினேன்.

திங்கட்கிழமை வரை அவகாசம் கிடைத்தது. ஞாயிறு முழுக்க மீனா அதட்ட அதட்ட, நான் உடைகல் சுமந்தேன். அந்த ஓடை இன்றும் அசையவில்லை. கோடையில் குளம் வற்றும்போதெல்லாம், காமாட்சி மாமி தன் குழவி தெரிகிறதா என்று கரையோரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

மீனா இப்போது காலேஜில் படிக்கிறாள். பரீட்சை சமயத்தில் நான் வாயைத் திறந்தாலே போதும். "உதவியாம்மா? இரு, குளத்துல இன்னும் எடம் இருக்கான்னு பாத்துட்டு வரேன்."