உப்புக்கு ஒரு மொழி

ரசத்தில் உப்பு அதிகம். அதை எந்த மொழியில் சொல்வது என்பதுதான் தேசிகனின் பிரச்சினை.

தமிழில் சொன்னபோது ஒரு சமையல்காரம்மா வேலையை விட்டு நின்றுவிட்டாள். கன்னடத்தில் கிசுகிசுத்தபோது இன்னொருத்தி. மூன்றாமவள் இந்தியில் போனாள். இப்போது வந்திருக்கும் லட்சுமம்மாவுக்கு ஐந்து மொழி தெரியும். பெங்களூரில் ரகசியம் பேச மொழி மிச்சமில்லை. இவளும் போய்விட்டால் ஆஸ்டின் டவுன் முழுக்கத் தேடினாலும் ஆள் கிடைக்காது. மனைவி பாமாவுக்குக் காலை ஏழரைக்கு ஆபீஸ் கேப். தேசிகனுக்கு வெந்நீர் வைப்பதே பெரிய சமையல்.

"நாமளே ஒரு பாஷை பண்ணிடலாமே" என்றாள் பாமா.

உப்பு 'கிரீ' ஆனது. ரசம் 'தோம்பா'. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாற்பது வார்த்தை.

"நேத்து உப்பா இருந்ததுக்கும் நாளைக்கு உப்பா இருக்கப்போறதுக்கும் வித்தியாசம் வேண்டாமா?" என்றார் தேசிகன். ஆடிட்டர் புத்தி. நேற்றைக்கு 'கிரீமோ', நாளைக்கு 'கிரீஞா' என்று விகுதிகள் வந்தன.

திங்கட்கிழமை சாப்பாட்டு மேஜையில் பாமாவுக்கு எல்லாம் மறந்துபோனது.

"தோம்பா கிரீமோ" என்றார் தேசிகன்.

"என்னது?"

"கிரீமோ!" என்று உப்பு ஜாடியை நோக்கிக் கண்ணைக் காட்டினார். லட்சுமம்மா ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள்.

மறதிக்கு மருந்தாக, வார்த்தைப் பட்டியலை அர்த்தத்தோடு அச்சடித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

"இது என்னா சார்?"

"ஆபீஸ் பாஸ்வேர்டு."

லட்சுமம்மா தலையாட்டிவிட்டு, தினமும் அதைப் பத்திரமாகத் துடைத்து வைத்தாள்.

மொழி கைவந்ததும் நாக்கு நீண்டது. உப்போடு நின்றிருக்கலாம். தோசையின் தடிமன், பொரியலின் கருகல், அவள் முணுமுணுக்கும் பாட்டு என்று எல்லாவற்றுக்கும் வார்த்தை பிறந்தது. தமிழில் சொல்லக் கூசுவதையெல்லாம் இருவரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரித்தார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இவ்வளவு பேசிக்கொண்டதே இல்லை.

மாதக் கடைசியில் லட்சுமம்மா வீட்டுச் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"நாளையில இருந்து நான் வர்லக்கா. மூணாவது மாடி வீட்டுக்குப் போறேன்."

பாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "நாங்க ஒரு வார்த்தை குறை சொல்லலையே, லட்சுமம்மா!"

"அவங்களும் உங்கள மாதிரி தனியா ஒரு பாஷை பண்ணி வெச்சிருக்காங்கக்கா. அது எனக்கு இன்னும் ஒண்ணுமே புரியல. நிம்மதியா சமைக்கலாம்."