ஆபீசர் உட்கார்ந்துவிட்டார்

அன்பில் குறையாத என் மருமகளுக்கு,

உன் அப்பாவோடு கூடப்பிறந்த பாவத்துக்கு இன்றுவரை திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் உன் அத்தை எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாமே என்பாய். உங்கப்பாவுக்குக் கண்தான் மங்கியிருக்கு, காது அடுத்த தெரு வரைக்கும் போய்ட்டு வருது. அதனால தையல் கடையில, மெஷின் மேலேயே பேப்பரை வச்சு எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா மெஷினைத் திட்டிக்கோ. நான் படிச்ச படிப்புக்கு இதுவே அதிகம்.

விஷயம் இதுதான். உங்கப்பா கண்ணுல கஞ்சா விழுந்திருக்கு. போட்டு விட்டது நான்.

தண்ணி குடிச்சுக்கோ. எனக்கு இன்னும் படபடப்பு அடங்கலை. யார் கண்ணுல? மோப்ப நாயைப் பிடிச்சுக்கிட்டு ஊர்ப்பட்ட பெட்டியை எல்லாம் முகர வச்சு, கஞ்சா கடத்தறவன் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தே ரிட்டயர் ஆன மனுஷன் கண்ணுல!

ஒரு கண்ணு போயே போச்சு, மிச்சக் கண்ணும் ஓரமெல்லாம் இருட்டி, குழாய் வழியா எட்டிப் பார்க்கிற மாதிரி ஆயிட்டுதுன்னு உனக்கே தெரியும். உள்ளே அழுத்தம் ஏறி நரம்பைத் தின்னுதாம். வழக்கமான சொட்டு மருந்து எதுவும் அதைப் பிடிச்சு நிறுத்தலை. அப்பத்தான் கண் டாக்டரம்மா, செடியில இருந்து எடுத்த மருந்து ஒண்ணைச் சோதிச்சுப் பார்க்கிறோம், கேட்கும்னு உறுதி இல்லை, சேர்ந்துக்கிறீங்களான்னு கேட்டாங்க. நீயும் போன்ல, "சேருங்கப்பா"ன்னு அழுதே. செடின்னதும் ஏதோ கீரைச்சாறுன்னு நினைச்சு உங்கப்பா தலையை ஆட்டிட்டார். அதுக்கு மேல அந்தம்மா சொன்னது எதுவும் அந்த நல்ல காதுல ஏறலை. உங்கம்மாவுக்குக் கண் இமையைத் தொட்டாலே மயக்கம் வருது. ஊசியில நூல் கோர்க்கிற கை ஆச்சேன்னு என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க.

முதல் நாள் சொட்டு விட்டேன். வாசல்ல படுத்திருந்த ஆபீசர் (அதாம்மா, உங்கப்பாவோட சேர்ந்து ரிட்டயர் ஆன நாய், உங்கப்பா இன்னும் அவர் இவர்னு மரியாதையா கூப்பிடற நாய்) எழுந்து வந்தது. உங்கப்பா நாற்காலி முன்னாடி நின்னுது. அப்புறம் உட்கார்ந்து, அவர் மூஞ்சியையே பார்த்துது. குரைக்கலை, வாலை ஆட்டலை.

உங்கப்பா மூச்சு நின்னு போச்சு. அவங்க வேலையில நாய் குரைக்காதாம், சரக்கு இருக்கிற பெட்டி முன்னாடி அப்படித்தான் கம்முனு உட்காருமாம். மனுஷன் என்ன செஞ்சார்ங்கிறே? தன் சட்டைப் பையையே உதறிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உன் தையல் பையைத் திற"ங்கிறார்!

"ஏண்ணே, ஜாக்கெட் துணிக்குள்ளே வச்சா நான் கடத்துவேன்?"

"எல்லாத் திருட்டுப் பசங்களும் இப்படித்தான் பேசுவானுங்க. திற!"

பையைத் திறந்தேன், ஊக்கும் பட்டனும் உருண்டுது. உங்கம்மா பீரோவையும் விடலை. கடைசியில மருந்துப் புட்டியை ஆபீசர் முன்னாடி நீட்டினார். அது மறுபடி உட்கார்ந்துது.

மறுநாளே நாயை இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு. டாக்டரம்மா சின்னப் பொண்ணு, பொறுமையா சொன்னாங்க. "ஆமா சார், போதை தர்ற அதே சத்துதான். ரொம்பக் கொஞ்சம், தலை சுத்தாது. அழுத்தத்தைக் குறைக்குமா, நரம்பைக் காப்பாத்துமான்னு பார்க்கத்தான் இந்தச் சோதனை. பாதிப் பேருக்குத்தான் அது, மீதிப் பேருக்கு வெறும் சொட்டு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது, தெரிஞ்சா சோதனையே பாழ்."

அந்தம்மா சொல்லி வாயை மூடலை, வெளியே காத்திருந்த கூட்டத்துக்குள்ளே ஆபீசர் ரவுண்டு கிளம்பியாச்சு. ஒரு வாத்தியார் முன்னாடி உட்கார்ந்துது. பக்கத்துல இருந்த பேக்கரிக்காரரைத் திரும்பியும் பார்க்காம, ஒரு பெரியம்மா காலடியில போய் உட்கார்ந்துது. உங்கப்பா சும்மா இருக்கப்படாதா? "இவருக்கு இருக்கு, உங்களுக்கு இல்லை, அம்மா உங்களுக்கும் இருக்கு"ன்னு அறிவிச்சுட்டார். பேக்கரிக்காரர், "அப்போ இத்தனை நாளா எனக்கு வெறும் தண்ணியா?"ன்னு சண்டைக்கு வந்தார். பெரியம்மா, "ஐயோ, என் சம்பந்திக்குத் தெரிஞ்சா நான் எங்கே மூஞ்சியை வச்சுக்குவேன்"னு அழுதாங்க. வாத்தியார் மட்டும் வெட்கத்தோட சிரிச்சுக்கிட்டார். டாக்டரம்மா சுவத்துல சாய்ஞ்சு தலையில கையை வச்சுட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் உங்கப்பா சபதம். "கண்ணு போனாலும் போகட்டும், அந்தச் சனியன் சொட்டு என் மேல விழக்கூடாது." நானும் கேலி பண்ணிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அன்னைக்குச் சாயங்காலம் தண்ணிச் சொம்பை எடுக்கக் கையை நீட்டினார், கை சொம்புக்குப் பக்கத்துல வெறும் காத்தைத் துழாவுது. எனக்குக் கேலி எல்லாம் வத்திப் போச்சு. போன நரம்பு திரும்ப வராதாம்மா. இப்போதைக்குப் பார்க்க வேற மருந்தும் கைவசம் இல்லைன்னுட்டாங்க. நீ சொன்னாத்தான் கேட்பார். இதைப் படிச்ச கையோட போனைப் போட்டு, அழுவியோ திட்டுவியோ, அவரை அண்ணாந்து படுக்க வை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் நோய்நொடி அண்டாம, சிரிச்ச மூஞ்சி மாறாம இருக்கட்டும். சின்னதுக்கு என் முத்தம், உன் மாமியாருக்கு என் வணக்கம், அதிலே கொஞ்சம் குறைச்சுக் கொடுத்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அத்தை

பின்குறிப்பு: உறை ஒட்டறதுக்குள்ளே எல்லாம் தலைகீழாப் போச்சு. டாக்டரம்மா பயந்துபோய் ஒரு நாய் டாக்டரைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாங்க. அவர் சில டப்பாவைப் பரப்பி, ஒண்ணுல மட்டும் பொரிச்ச கறியை மூடி வச்சார். ஆபீசர் கறியைத் தாண்டிப் போய், காலி டப்பா முன்னாடி உட்கார்ந்துது. மூக்கு எப்பவோ போயிடுச்சாம். இடுப்பும் போயிடுச்சாம், நாலு அடி நடந்தா எங்கே வலிக்குதோ அங்கே உட்கார்ந்துடுதாம். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கலை, சோதனை பிழைச்சுது. உங்கப்பா புட்டியில இருக்கிறது கஞ்சாவா தண்ணியான்னு இப்ப யாருக்கும் தெரியாது.

உங்கப்பாவுக்கு வந்துதே கோபம்! "என் ஆபீசருக்கா மூக்கில்லை? சர்வீஸ்ல ஒரு தடவை தப்பா உட்கார்ந்திருப்பாரா? அதுல கஞ்சாதான் இருக்கு. என் கண்ணு தெளிஞ்சு காட்டுது, பார்த்துக்கிட்டே இரு. ஏய், மருந்தைக் கொண்டா!" இப்ப வேளை தவறினா என்னை வையறார். அதனால நீ போன் பண்ணாதே. பண்ணினாலும், ஆபீசர் சொன்னது பொய்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாதே, கண்ணு.